ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு ஒரு ஏ.ஐ. செயலி: எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது?

என் தம்பிக்கு 29 வயது. கடந்த வருடம் அவனுடைய தேசிய அடையாள அட்டை தொலைந்து போனது. புதியதை எடுக்க வேண்டும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். வங்கியில் கேட்டார்கள், வேலைத்தலத்தில் கேட்டார்கள், வாப்பா ஒவ்வொரு நாளும் கேட்டார். கையடக்கத் தொலைபேசியில் மூன்று நினைவூட்டல்கள் வைத்திருந்தான். மூன்றும் ஒவ்வொரு காலையும் ஒலித்தன. ஒவ்வொரு காலையும் அவன் அவற்றை நிறுத்தினான். எட்டு மாதங்கள் இப்படியே போயின. "உனக்கு அக்கறை இல்லை" என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன்.

பிறகுதான் ஓர் உளநல வைத்தியர் அவனுக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாகக் கண்டறிந்தார். தமிழில் இதை கவனக்குறை மிகையியக்கக் குறைபாடு என்று எழுதுகிறார்கள். பெயர் நீளமானது மட்டுமல்ல, கொஞ்சம் தவறாக வழிகாட்டுவதும்கூட. என் தம்பிக்குக் கவனம் குறைவு என்று சொன்னால் அவனைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். பழுதான மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கொடுத்தால் சாப்பாட்டையும் மறந்து ஆறு மணித்தியாலம் அதோடு இருப்பான். கவனம் இருக்கிறது. அதை வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்துக்குத் திருப்புவதுதான் அவனால் முடியாமல் இருக்கிறது.

நான் மென்பொருள் துறையில் வேலை செய்பவன். அவனுக்காக நண்பர்கள் இருவரோடு சேர்ந்து ஏ.ஐ. துணையோடு இயங்கும் ஒரு சிறிய செயலியை உருவாக்கத் தொடங்கினோம். அன்றாட வேலைகளைச் சொன்னால் ஒழுங்குபடுத்தித் தரும், நேரத்துக்கு நினைவூட்டும் ஒன்று. முதல் வடிவத்தை மூன்று வாரங்களில் முடித்துவிட்டோம். தம்பி அதை நான்கு நாட்கள் பயன்படுத்தினான். ஐந்தாம் நாள் அழித்துவிட்டான். அது ஏன் தோற்றது என்பதைப் புரிந்துகொள்ளத்தான் எங்களுக்கு மாதக்கணக்கானது. இப்படியான செயலிகள் இன்று நிறைய வந்துவிட்டன, விளம்பரங்களும் எல்லோருடைய தொலைபேசிக்கும் வருகின்றன. ஆகவே நாங்கள் கற்றதை எழுதி வைப்பது வேறு சிலருக்கும் உதவக்கூடும்.

முதலில் நோயைப் பற்றி ஒரு விடயம். அமெரிக்க உளவியலாளர் ரஸல் பார்க்லி பல தசாப்தங்களாக வலியுறுத்தி வரும் ஒரு கருத்து உண்டு: ஏ.டி.எச்.டி. என்பது என்ன செய்ய வேண்டும் என்று தெரியாத பிரச்சினை அல்ல, தெரிந்ததைச் செய்ய முடியாத பிரச்சினை. திட்டமிடுதல், தொடங்குதல், நேரத்தை உணர்தல், நினைவில் வைத்திருத்தல், ஆசையைத் தள்ளிப்போடுதல் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் மூளையின் நிர்வாகப் பகுதி சீராக வேலை செய்வதில்லை. எனவே புத்திமதியும் பயிற்சி வகுப்பும் அவர்களுக்குக் குறைவாகவே உதவுகின்றன. உதவி தேவைப்படுவது அந்த வேலையைச் செய்ய வேண்டிய இடத்தில், செய்ய வேண்டிய நிமிடத்தில். தலைக்குள் நிற்காததை தலைக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியும்படி வைக்க வேண்டும்.

இந்த ஒரு கருத்தை முதலிலேயே படித்திருந்தால் எங்கள் முதல் வடிவம் வேறு மாதிரி இருந்திருக்கும். நாங்கள் செய்தது என்ன? அவன் வாயால் சொன்ன எல்லாவற்றையும் ஏ.ஐ. அழகாகப் பிரித்து, வகைப்படுத்தி, நிறம் பூசி, 27 வேலைகள் கொண்ட ஒரு பட்டியலைத் திரையில் வைத்தது. எங்களுக்கு அது சாதனை. அவனுக்கோ காலையில் கண் விழித்ததும் 27 கடன்காரர்கள் வாசலில் நிற்பது போல. நாள் முடிவில் செய்யாதவை சிவப்பாக மாறின. மறுநாள் 31 ஆனது. "நானா, இது வாப்பாவைவிட மோசம்" என்றான்.

இரண்டாவது வடிவத்தில் திரையில் ஒரே ஒரு வேலைதான் தெரியும். மற்றவை எங்கோ பத்திரமாக இருக்கின்றன என்று அவனுக்குத் தெரியும், ஆனால் கண்ணில் படாது. அந்த ஒன்றும் "அடையாள அட்டை எடு" என்று இருக்காது, ஏனெனில் அது ஒரு வேலை அல்ல. பொலிஸில் முறைப்பாடு செய்து அறிக்கை பெறுவது, அங்கீகரிக்கப்பட்ட ஸ்டூடியோவில் படம் எடுப்பது, பிறப்புச் சான்றிதழைத் தேடுவது, கிராம உத்தியோகத்தரிடம் விண்ணப்பத்தை நிரப்புவது, பிரதேச செயலகத்துக்குப் போவது என்று குறைந்தது ஐந்து வேலைகள் அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. சாதாரண மூளை அதைத் தானாக விரித்துக்கொள்ளும். ஏ.டி.எச்.டி. உள்ளவர் மடித்த மூட்டையைப் பார்த்து அப்படியே நின்றுவிடுவார். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரியும்.

மூட்டையை விரிப்பதில்தான் ஏ.ஐ. உண்மையாகவே கைகொடுக்கிறது. பெல்ஜியத்தைச் சேர்ந்த மென்பொருள் பொறியியலாளர் ஒருவர் உருவாக்கிய கொப்ளின் டூல்ஸ் என்ற கருவி இதற்கு நல்ல உதாரணம். ஒரு வேலையை எழுதினால் அதைச் சிறு படிகளாக உடைத்துத் தரும். எவ்வளவு சிறிதாக உடைக்க வேண்டும் என்பதை மிளகாய்ப் படங்களால் நாமே தீர்மானிக்கலாம். வேலை உங்களுக்கு எவ்வளவு காரமாக இருக்கிறதோ அத்தனை மிளகாய். இது சின்ன விடயம்போலத் தெரிந்தாலும் சரியான சிந்தனை. அறையைச் சுத்தப்படுத்துவது ஒருவருக்கு ஒரே படி, இன்னொருவருக்கு இருபது படி. அதே நபருக்கும் நல்ல நாளில் ஒன்று, மோசமான நாளில் இருபது. இதை இயந்திரம் ஊகிக்கக் கூடாது, மனிதரைக் கேட்க வேண்டும்.

ஆனால் இங்கே ஒரு பெரிய குழியும் இருக்கிறது. அடையாள அட்டை தொலைந்தால் என்ன செய்வது என்று ஏ.ஐ.யிடம் தமிழில் கேட்டோம். மிகுந்த தன்னம்பிக்கையோடு அது தாலுகா அலுவலகத்துக்கும் ஆதார் மையத்துக்கும் போகச் சொன்னது! தமிழ் என்றால் தமிழ்நாடு என்றுதான் அதற்குத் தெரியும். இணையத்தில் உள்ள தமிழில் எங்கள் நாட்டு நடைமுறைகள் அவ்வளவு சிறிய பங்கு. ஏற்கனவே ஒரு வேலையைத் தொடங்கவே போராடும் ஒருவரைத் தவறான அலுவலகத்துக்கு அனுப்பினால் அவர் இரண்டாவது தடவை புறப்படுவார் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே அரச அலுவலக வேலைகளுக்கான படிகளை நாங்களே விசாரித்து, கையால் எழுதி வைத்தோம். அவற்றில் ஏ.ஐ. கைவைக்காது. அலுமாரியை ஒழுங்குபடுத்துவது, கடிதம் ஒன்றை எழுதத் தொடங்குவது, விருந்துக்கு முன் வீட்டைத் தயார்படுத்துவது போன்றவற்றை மட்டும் அது உடைத்துக் கொடுக்கிறது. பிழைத்தாலும் அங்கே நட்டம் பெரிதில்லை.

முதல் படி சிரிப்பு வரும் அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும் என்பதையும் அனுபவத்தில் கண்டோம். "பிறப்புச் சான்றிதழைத் தேடு" என்பதுகூடப் பெரிது. "அலுமாரியைத் திறந்து நீல நிறக் கோப்பை மேசையில் வை" என்பதைச் செய்ய முடியும்.

அடுத்தது நேரம். ஏ.டி.எச்.டி. உள்ள பலருக்கு நேரம் இரண்டே வகைதான்: இப்போது, இப்போதல்லாதது. நாளை மறுநாள் என்பதும் அடுத்த வருடம் என்பதும் கிட்டத்தட்ட ஒன்று. பொதுவாக எல்லா மனிதர்களுமே ஒரு வேலைக்கு எடுக்கும் நேரத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். டானியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979 இலேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் இவர்களிடம் அந்தப் பிழை பல மடங்கு. "பத்து நிமிடத்தில் குளித்து வருகிறேன்" என்று தம்பி சொன்னால் அது பொய் அல்ல, அவன் உண்மையாகவே நம்புகிறான். செயலி அவன் சொன்ன நேரத்தையும் உண்மையில் எடுத்த நேரத்தையும் குறித்து வைக்கிறது. இரண்டு வாரங்களுக்குப் பின் அது சொன்னது: "நீ பத்து என்று சொல்வது வழக்கமாக முப்பத்தைந்து." இதை வாப்பா சொன்னால் சண்டை. எண்ணாக வந்தபோது சிரித்தான்.

நேரத்தைக் காட்டும் விதமும் முக்கியம். அமெரிக்கத் தாய் ஒருவர் தன் சிறிய மகளுக்காக டைம் டைமர் என்ற கடிகாரத்தை வடிவமைத்தார். சிவப்பு வட்டம் ஒன்று மெல்ல மெல்லச் சுருங்கும், அவ்வளவுதான். எண்களை வாசிக்கத் தேவையில்லை, மிச்ச நேரம் ஒரு துண்டு கேக் போலக் கண்ணுக்குத் தெரியும். நாங்களும் அந்த வழியையே எடுத்தோம்.

எங்கள் வாழ்க்கையில் ஏற்கனவே இருக்கும் ஒரு பெரிய வசதியை ஆங்கிலச் செயலிகள் அறிவதில்லை. எங்கள் ஊர்களில் யார் மாலை 3.45க்குச் சந்திக்கிறார்கள்? "அஸர் தொழுதுவிட்டு வாறேன்", "மஃரிபுக்கு முன் கடையை மூடணும்", "இஷாவுக்குப் பிறகு பேசுவோம்" என்றுதான் நாள் ஓடுகிறது. ஏ.டி.எச்.டி. உள்ளவருக்கு இது மிகவும் பொருந்தும். கடிகார எண்ணைவிட ஒரு நிகழ்வோடு கட்டிய வேலை எளிதில் தொடங்குகிறது. ஜேர்மன் உளவியலாளர் பீட்டர் கொல்விட்ஸர் "இது நடந்தால் அதைச் செய்வேன்" என்ற வடிவில் முன்கூட்டியே முடிவெடுப்பது எப்படி உதவுகிறது என்று நீண்ட காலம் ஆராய்ந்தவர். "5 மணிக்கு மருந்துக் கடை" என்பதைவிட "அஸர் முடிந்து பள்ளியிலிருந்து வெளியே வந்ததும், வீட்டுக்குத் திரும்ப முன், மருந்துக் கடை" என்பது வலிமையானது. பாங்கு ஒலிக்கிறது, கால் நகர்கிறது, ஆட்கள் எழும்புகிறார்கள். நேரத்தின் வருகையை ஊரே அறிவிக்கிறது.

இதைச் செயலிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. கொழும்பில் மஃரிப் நேரம் வருடத்துக்குள் ஏறக்குறைய 40 நிமிடங்கள் முன்பின்னாகிறது. "மஃரிபுக்கு முன்" என்பதை மாலை ஆறு என்று நிலையாக எழுதி வைத்தால் நவம்பரில் பிழைத்துவிடும். பேச்சை எழுத்தாக்கும் பகுதியும் தடுமாறியது. "உம்மாட மருந்து லுஹருக்கு முந்தி எடுக்கணும்" என்று தம்பி பேசினால், செய்தி வாசிப்பவரின் தமிழில் பழகிய இயந்திரத்துக்கு பாதிதான் விளங்கியது. பேசியதை அது எப்படி விளங்கிக்கொண்டது என்று ஒரு வரியில் திருப்பிக் காட்டி, சரியா என்று கேட்கும்படி செய்தோம். இன்னும் முழுமையாகத் தீரவில்லை.

இங்கே ஒரு விடயத்தில் எங்களுக்குள்ளேயே விவாதம் நடந்தது. தொழுகை நேரம் செயலிக்குள் வந்துவிட்டது, ஐந்து நேரத் தொழுகையையும் ஒரு பட்டியலாக்கி, தொழுதால் சரி அடையாளம், நாற்பது நாள் தொடர்ந்தால் ஒரு பதக்கம் வைத்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். அப்படியான செயலிகள் உண்டு, பயனடைபவர்களும் இருப்பார்கள். நான் மறுத்தேன். தொடர் நாட்களை எண்ணும் முறை ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் பொறியாகவே முடிகிறது. பதினேழு நாள் ஓடும், பதினெட்டாம் நாள் அறும், எண் பூச்சியத்துக்கு விழும், அதோடு அவர் செயலியை விட்டுவிடுவார். ஒரு மொழிப் பயிற்சியை அப்படி விட்டால் பரவாயில்லை. இபாதத்தை அந்த எண்ணோடு கட்டிவிட்டு, எண் விழும்போது அதுவும் சேர்ந்து விழ நாம் காரணமாகலாமா? எங்கள் செயலி தொழுகையை நேரத்தின் அடையாளமாக மட்டுமே பயன்படுத்துகிறது. "தொழுதாயா?" என்று ஒருபோதும் கேட்பதில்லை.

சொல்லப்போனால், மறதிக்காரரை எப்படி நடத்த வேண்டும் என்ற நுட்பம் எங்கள் பிக்ஹில் ஏற்கனவே இருக்கிறது. தொழுகையில் எத்தனையாவது ரக்அத் என்று சந்தேகம் வந்துவிட்டால் ஷாஃபிஈ மத்ஹபின்படி என்ன செய்கிறோம்? உறுதியான குறைந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு அங்கிருந்து தொடர்கிறோம். ஸலாம் கொடுக்க முன் மறதிக்காக இரண்டு ஸஜ்தாக்கள். அவ்வளவுதான். முறித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கு என்றில்லை. மறதி நடக்கும் என்று எதிர்பார்த்து, அதற்கான வழியைத் தொழுகைக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது என்பதும் நினைவுக்கு வருகிறது. ஸூரத்துல் பகராவின் 282 ஆவது வசனம். நினைவை மட்டும் நம்பியிருப்பதை மார்க்கம் ஒரு தகுதியாகக் கொள்ளவில்லை. எழுதி வைக்க வேண்டியிருப்பதை வெட்கமாக நினைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

ஆகவே செயலியில் நாங்கள் அதிக நேரம் செலவிட்டது முதல் நாள் திரைக்கு அல்ல, திரும்பி வரும் நாள் திரைக்கு. இவர்கள் நடுவில் விட்டுவிடுவார்கள், அது நிச்சயம். மூன்று வாரம் கழித்துத் திறக்கும்போது 60 தவறிய வேலைகள் சிவப்பில் நின்றால் உடனே மூடிவிடுவார்கள். இப்போது அப்படித் திறந்தால், பழையவை எல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டிருக்கும். "இதில் இன்னும் தேவையானது எது?" என்ற ஒரே கேள்வி. ஒன்றைத் தெரிவு செய்தால் போதும். எத்தனை நாள் வரவில்லை என்று அது சொல்லாது.

நினைவூட்டல்களையும் குறைத்தோம். ஒரே ஒலி, ஒரே வாசகம் நான்கு நாள் வந்தால் ஐந்தாம் நாள் காதுக்கு அது சுவர்க்கடிகாரத்தின் சத்தம்தான். நாளுக்கு ஐந்துக்கு மேல் இல்லை, வாசகம் மாறும், பதிலாக மூன்று தெரிவுகள்: தொடங்கிவிட்டேன், கொஞ்ச நேரம் கழித்து, இன்று வேண்டாம். "இன்று வேண்டாம்" என்பதை ஏற்றுக்கொள்ளும் செயலியை அவன் அழிக்கவில்லை. ஏ.ஐ.யோடு நீளமாக உரையாடும் வசதியையும் எடுத்துவிட்டோம். திட்டமிடுவது பற்றி இரண்டு மணித்தியாலம் இயந்திரத்தோடு பேசிவிட்டு, வேலை செய்த திருப்தியோடு தூங்கப் போகும் ஆபத்து இவர்களுக்கு மிக அதிகம். தமிழில் அது செலவும் கூட. இந்தச் சேவைகள் எழுத்தைத் துண்டுகளாக்கித் துண்டுக் கணக்கில் காசு அறவிடுகின்றன, அதே கருத்து ஆங்கிலத்தைவிடத் தமிழில் அதிகத் துண்டுகளாகிறது.

மருந்து விடயத்தில் செயலி வாயைத் திறக்காது. உதாரணமாக, மெதில்பெனிடேட் மருந்தின் குறுகிய நேர வகை சுமார் நான்கு மணித்தியாலங்களே வேலை செய்யும். பகலில் இரண்டாம் முறை எடுப்பவர் நோன்பு காலத்தில் என்ன செய்வது? நீண்ட நேர வகைக்கு மாறலாமா, ஸஹரில் எடுத்தால் போதுமா, பசியையும் தூக்கத்தையும் அது எப்படிப் பாதிக்கும் என்பவை ரமழானுக்கு முன்னரே வைத்தியரோடு பேச வேண்டியவை. ஏ.ஐ. இதற்கு அழகான பதில் எழுதும். அழகாக இருப்பதுதான் ஆபத்து. அதேபோல "உங்களுக்கு ஏ.டி.எச்.டி. இருக்கிறது" என்று எந்தச் செயலியும் சொல்லக் கூடாது. உலக சுகாதார அமைப்பின் ஆறு கேள்விப் படிவம்கூட வைத்தியரிடம் போக வேண்டுமா என்று பார்க்க மட்டுமே. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்தனவா, வீட்டிலும் வெளியிலும் இரண்டிலும் இருக்கின்றனவா என்றெல்லாம் வைத்தியர்தான் கேட்டறிய வேண்டும். எங்கு போவது என்றே தெரியாதவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்திலிருந்து தொடங்கலாம்.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பீடுகள் வளர்ந்தவர்களில் நூறு பேரில் இரண்டு, மூன்று பேருக்கு இது இருக்கலாம் என்கின்றன. ஒரு நடுத்தர ஜும்ஆவில் பத்துப் பதினைந்து பேர். பெண்களைக் கணக்கெடுப்பது இன்னும் கடினம். துள்ளித் திரியும் பையனை ஆசிரியர் கவனிப்பார், ஜன்னலோரம் அமைதியாகக் கனவு காணும் பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை. அவள் கலியாணமாகி, பிள்ளைகளின் பாடசாலை, சமையல், மாமியாரின் கிளினிக் எல்லாம் ஒன்றாகத் தலையில் விழும்போதுதான் உடைகிறாள். அப்போதும் கிடைக்கும் பெயர் "பொறுப்பில்லாதவள்".

இந்த இடத்தில்தான் அந்தரங்கம் பெரிய கேள்வியாகிறது. இப்படியான செயலிக்குள் ஒருவரின் மருந்து, கடன், மறதி, குடும்பச் சண்டை எல்லாம் அவருடைய சொந்தக் குரலிலேயே சேர்கின்றன. பெரும்பாலான ஏ.ஐ. சேவைகளில் அந்தக் குரல் வெளிநாட்டுக் கணினிக்குப் போய்த்தான் எழுத்தாகிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எங்கள் நாட்டில் இருக்கிறது, சுகாதாரத் தகவல்களுக்கு அது விசேட கவனம் கொடுக்கிறது. ஆனால் எங்கள் சமூகத்தில் தகவல் கசிவது நீதிமன்றத்துக்குப் போகும் விடயமாக இருப்பதில்லை. கலியாணப் பேச்சு நடக்கும் வீட்டில் அது ஒரு வசனமாகக் கசியும். ஆகவே குரல் பதிவு எழுத்தானவுடன் அழிக்கப்படுகிறது, பட்டியல் தொலைபேசியிலேயே இருக்கிறது, செயலியின் பெயரிலும் படத்திலும் நோயின் பெயர் இல்லை.

பரீட்சார்த்தமாகப் பயன்படுத்திய குடும்பங்களிடமிருந்து அதிகம் வந்த கோரிக்கை என்ன தெரியுமா? "மகன் செய்தானா இல்லையா என்று எங்கள் தொலைபேசிக்கு வருமா?" தாய்மார் கேட்டார்கள், கணவன்மார் கேட்டார்கள், எங்கள் வாப்பாவும் கேட்டார். கேட்பது அன்பினால்தான். அதைச் செய்வதும் எளிது, அரை நாள் வேலை. நாங்கள் செய்யவில்லை. அது வந்த அன்றே செயலி அவனுடையதாக இல்லாமல் வீட்டின் கண்காணிப்புக் கெமராவாகிவிடும், பிறகு அவன் அதற்குப் பொய் சொல்லத் தொடங்குவான். அதற்குப் பதிலாக வேறொன்றைச் சேர்த்தோம்: "கூட இருக்க ஒருவரைக் கூப்பிடு" என்ற பொத்தான். ஏ.டி.எச்.டி. உள்ள பலருக்கு, பக்கத்தில் ஒருவர் சும்மா இருந்தாலே வேலை தொடங்கிவிடும். உதவ வேண்டாம், புத்தி சொல்ல வேண்டாம், இருந்தால் போதும். அதற்கு ஏ.ஐ. தேவையில்லை. எங்கள் வீடுகளில் ஆட்களுக்கா பஞ்சம்?

போன கிழமை தம்பி அந்தப் பொத்தானை அழுத்தியது வாப்பாவுக்கு. வாப்பா வந்து எதுவும் பேசாமல் கதிரையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். பேசாமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இருபது நிமிடத்தில் விண்ணப்பப் படிவம் நிரம்பியது. பொலிஸ் அறிக்கை எடுத்தாகிவிட்டது, படமும் எடுத்தாகிவிட்டது. பிரதேச செயலகத்துக்கு இன்னும் போகவில்லை. நீல நிறக் கோப்பு மேசையில்தான் இருக்கிறது.